தழையும் வெள்ளியும்

வேப்பந்தழையை வாயிலிற் செருகுவதும், அம்மை கண்டார் படுக்கையருகே பரப்புவதும் தமிழ்நாட்டார் நன்கறிந்த வழக்கங்களாகும். அவ்வேம்பின் இலை 2004ஆம் ஆண்டில் வேறொரு பணிக்கு வந்து சேர்ந்தது. புனே நகரத்துத் தேசிய வேதியியல் ஆய்வுக்கூடத்தில் முரளி சாஸ்திரி என்பாரும் அவருடன் உழைத்தோரும், வேப்பிலையை நீரிலிட்டுக் காய்ச்சி வடித்த சாற்றை வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலோடு கலந்தனர். கலவை சிறிது சிறிதாகப் பழுப்பு நிறம் பெற்றது. கண்ணுக்குப் புலனாகாத வெள்ளித் துகள்கள் அதனுள் தோன்றிவிட்டன என்பதற்கு அந்நிறமே சான்று. இதற்குச் சற்று முன்னரே, குதிரைமசால் என்னும் தீவனப் பயிரின் முளைகள் தாம் உறிஞ்சிய பொன்னையும் வெள்ளியையும் தம் உடலுக்குள்ளேயே இத்தகைய துகள்களாக மாற்றுகின்றன என்பதை அமெரிக்க நாட்டு அறிஞர் கண்டிருந்தனர்.

இத்துகள்களின் அளவு நானோ மீட்டரால் குறிக்கப்பெறும். ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறாக்கினால், அவற்றுள் ஒரு கூறே நானோ மீட்டர். தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 80,000 நானோ மீட்டராகும். 'நானோ' என்பது குள்ளனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. தமிழில் 'மீநுண் துகள்' என வழங்குதல் பொருந்தும். ஆயினும், சொல்லைத் தமிழாக்கிய அளவிலேயே பொருள் விளங்கிவிட்டதென்று மகிழ்வார் ஏமாந்து போவர்.

வெள்ளி உப்பு நீரிற் கரையும்போது, அதிலுள்ள வெள்ளி ஒவ்வொன்றும் ஓர் எலக்ட்ரானை இழந்த நிலையில் இருக்கும். இலைச்சாற்றிலுள்ள சர்க்கரை முதலிய பொருள்கள் அக்குறையை நிரப்புகின்றன. குறை தீர்ந்த அணுக்கள் ஒன்றோடொன்று கூடித் துகளாகின்றன. அவை மேன்மேலும் திரண்டு கட்டியாகிவிடாதபடி, அச்சாற்றின் பிற பொருள்களே அவற்றைப் போர்வைபோற் சூழ்ந்து நிற்கின்றன. இலையின்றி இதனைச் செய்ய வேண்டுமாயின், ஹைட்ரசின் போன்ற நச்சுப் பொருள்கள் பலகாலும் தேவைப்படும். அந்நஞ்சைத் தவிர்த்த வகையில் இம்முறை போற்றத்தக்கதே.

இச்செய்தி பரவியதும், 'இவை யாவும் நம் சித்தர்கள் அன்றே அறிந்தவை' என்று கூறத் தலைப்பட்டார் பலர். உலோகத்தைத் தழைச்சாறு விட்டரைத்து, வில்லை தட்டி, அகலிலிட்டு மூடிச் சீலைமண் பூசிப் புடமிட்டுப் பற்பம் ஆக்கும் முறை சித்த மருத்துவத்தில் உண்டு. தழையும் உலோகமும் ஆங்கும் கூடுகின்றன என்பது மெய்யே. ஆனால், ஒப்புமை வேறு, அறிவு வேறு. உரோமானியர் நான்காம் நூற்றாண்டிற் செய்த கண்ணாடிக் கிண்ணம் ஒன்று இலண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றது. வெளியிலிருந்து ஒளி படும்போது பச்சையாகவும், உள்ளிருந்து ஒளி ஊடுருவும்போது சிவப்பாகவும் அது தோன்றும். அதனுள் பொதிந்த பொன், வெள்ளித் துகள்களே அதற்குக் காரணம். அதைச் செய்த கைவினைஞன் நிறத்தை அறிந்தவன். துகளை அறிந்தவன் அல்லன். மைக்கேல் ஃபாரடே 1857ஆம் ஆண்டில் பொன்னைச் செந்நிற நீர்மமாக்கி, அந்நிறம் பொன்னின் நுண்மையால் வந்தது என்று கண்டபோதுதான் இத்துறை அறிவியலாயிற்று. சித்தர்கள் சொல்லாததைச் சொன்னதாகக் காட்டுவது அவர்களுக்குச் செய்யும் சிறப்பன்று. அவர்கள் சொல்லியவற்றைத் தேர்ந்து பார்க்கும் உழைப்பினின்று தப்பும் வழியே அது.

வெள்ளி நோயைத் தடுக்கும் என்பது புதுச்செய்தி அன்று. 1880ஆம் ஆண்டையொட்டி, ஜெர்மானிய மருத்துவர் கிரேடே, பிறந்த குழந்தைகளின் கண்ணில் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலை இட்டு, பலரது பார்வையைப் பறித்துவந்த நோயைத் தடுத்தார். தீப்புண்ணுக்கு வெள்ளி கலந்த களிம்பு இன்றும் பயன்படுகின்றது. துகளினின்று கசியும் வெள்ளி அயனிகள் நோய்க் கிருமியின் புரதங்களைப் பற்றி அவற்றின் தொழிலைக் கெடுக்கின்றன. மருந்துக்கு மடங்காத பாக்டீரியாக்களால் 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 12.7 இலட்சம் பேர் மாண்டனர் என்று கணக்கிட்டுள்ளனர். எனவே, புதுப்படை தேடுவார் வெள்ளியை நாடுதல் இயல்பே.

ஆயினும், கண்ணாடித் தட்டில் கிருமி மடிந்தது என்பதைக் கொண்டு மனிதனின் நோய் தீர்ந்தது என்று முரசறைதல் தகாது. தட்டில் ஈரலும் இல்லை, சிறுநீரகமும் இல்லை. கொதிநீரை ஊற்றினாலும் அத்தட்டிலுள்ள கிருமி மடியும். அதனால் கொதிநீர் காய்ச்சலுக்கு மருந்தாகிவிடுமா? மேலும், 'இலையினால் ஆயது, ஆதலின் தீங்கற்றது' என்பது பெரும்பிழை. இலை பசுமையாக்கியது செய்முறையைத்தான். வெள்ளி வெள்ளியாகவே இருக்கின்றது. வெள்ளிக் கரைசலை நெடுநாள் பருகியோரின் தோல் நீலச் சாம்பல் நிறமாகிவிடும். அந்நிறம் பின்னர் மாறுவதில்லை. கடையில் எளிதாக விற்கப்பட்ட அத்தகைய கரைசல்கள் தீங்கற்றவை என்றோ பயன் தருபவை என்றோ ஏற்கத்தக்கன அல்ல என அமெரிக்க அரசின் மருந்து ஆட்சித்துறை 1999ஆம் ஆண்டில் விதித்தது. தீப்புண் மருத்துவமனை ஒன்றில் வெள்ளிக்கும் மடங்காத கிருமி தோன்றியமை 1975ஆம் ஆண்டிலேயே வெளிவந்த செய்தி. கண்டபடி வெள்ளியை வழங்கினால், இப்படையும் முனை மழுங்கும்.

புண்ணின்மேற் கட்டும் துணியிலும், உடலிற் செருகும் குழாயின் மேற்பூச்சிலும் இத்துகள்களைப் பயன்படுத்த முனைதல் நன்று. அங்கே அளவையும் காலத்தையும் மருத்துவர் காக்க இயலும். நோயாளி தானே வாங்கிப் பருகும் புட்டியில் அக்காவல் இல்லை. சர்க்கரை நோய்க்கோ புற்றுநோய்க்கோ மருத்துவர் தந்ததை நிறுத்திவிட்டு, 'மூலிகை வெள்ளி' என்னும் பெயருக்கு மயங்கி அதனைப் பருகுவோன் இழப்பது பணம் மட்டுமன்று. நோய் முற்றாதிருந்த காலத்தையும் இழக்கின்றான்.

ஆய்வாளர்க்கும் ஒரு கடமை உண்டு. சித்திரையிற் கொய்த கொழுந்தும் ஐப்பசியிற் கொய்த முற்றிய இலையும் ஒரே சாற்றைத் தாரா. மண்ணும் மழையும் மாறினால் சாறு மாறும். சாறு மாறினால் துகளின் அளவும் வடிவும் மாறும். மூலிகையைப் பறிக்கும் பருவத்தையும் நேரத்தையும் கருதிய பழைய மருத்துவர் இவ்வொன்றில் இற்றை ஆய்வுரைகள் சிலவற்றினும் விழிப்புடையவராய் இருந்தனர். எந்த மரம், எந்தத் திங்கள், எத்தனை கிராம் இலை, எவ்வளவு நேரம் காய்ச்சியது என்பன எழுதப்படாவிடின், அவ்வுரையைப் படித்து அதே துகளை மீண்டும் செய்ய வேறொருவரால் இயலாது.