இரண்டு மணி நேரம் கொடு!

சர்க்கரை வியாதி பணக்காரன் வியாதி என்ற பேச்சு இனிச் செல்லாது. புதுக்கோட்டை ஜில்லாவில் நாற்று நடும் பெண்ணையும் நூற்பாலையில் நிற்கும் பெண்ணையும் கர்ப்ப காலத்தில் அது பிடிக்கிறது.

காரணம் என்ன? கர்ப்பத்தில் நஞ்சுக்கொடியில் ஊறும் சுரப்புகள் இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. அதோடு நமது சாப்பாடும் சேர்ந்துகொள்கிறது. ரேஷன் அரிசி இலவசம்; பருப்பும் முட்டையும் காசு கேட்கின்றன. ஆகவே ஏழையின் தட்டில் சோறு மலைபோல் இருக்கிறது. கறியும் பருப்பும் பேருக்கு இருக்கின்றன. “இரண்டு உயிருக்குச் சாப்பிடு” என்று வீட்டார் மேலும் சோற்றையே போடுகிறார்கள்.

பெண்கள் வெளியே சொல்லாத துன்பம் ஒன்றும் உண்டு. இருமினால், சுமை தூக்கினால் சிறுநீர் கசிகிறது. வளரும் கருப்பை மூத்திரப் பையை அழுத்துகிறது. சர்க்கரை ஏறினால் சிறுநீர் அதிகம் போகும். கிருமியும் எளிதில் தொற்றும். தாயின் எடை மிஞ்சினாலும், பிள்ளை அளவுக்கு மீறிப் பருத்தாலும், அடிவயிற்றைத் தாங்கும் தசைகள் தளர்கின்றன. இதில் வெட்கத்துக்கு இடமில்லை. நர்ஸம்மாவிடம் தயங்காமல் சொல்ல வேண்டும்.

மறைப்பில்லாத வயலிலும், மேஸ்திரி கடிகாரம் பார்க்கும் ஆலையிலும் இந்தப் பெண்கள் என்ன செய்கிறார்கள்? தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். அது கிருமிக்குத்தான் லாபம். ஆலையில் பெண்களுக்குத் தனிக் கழிப்பிடம் வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. வயலுக்கு அந்த விதியும் இல்லை.

நாம் செய்யக்கூடியது உண்டு. பட்டினி கிடக்க வேண்டாம். சோற்றைக் குறைத்துக் கீரை, பயறு, முட்டை, மோர் சேர்க்க வேண்டும். ஒரே வேளையில் நிறையச் சாப்பிடாமல் பிரித்துச் சாப்பிட வேண்டும். சர்க்கரை, கருப்பட்டி இரண்டும் ஒன்றே. இரண்டையும் ஒதுக்க வேண்டும். கர்ப்பத்தில் எடையைக் குறைக்க முயலக் கூடாது. அளவோடு ஏறுகிறதா என்று மாதந்தோறும் பார்க்க வேண்டும். சிறுநீரை அடக்குவதுபோல் தசையைச் சுருக்கிச் சில விநாடி நிறுத்தித் தளர்த்தும் பயிற்சியைத் தினம் மூன்று வேளை செய்தால் கசிவு குறையும்.

சோதனையும் எளிது. சென்னை டாக்டர் வி. சேஷையா முதலானோர் பரப்பிய முறைப்படி, 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 2 மணி நேரம் கழித்து ரத்தம் பார்க்கிறார்கள். வெறும் வயிறு தேவையில்லை. 140 மில்லிகிராமும் அதற்கு மேலும் என்றால் சிகிச்சை வேண்டும். ஆனால் கூலிக்காரிக்கு அந்த 2 மணி நேரம் என்பது ஒரு நாள் கூலி! அதனால்தான் பலர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவதைத் தள்ளிப்போடுகிறார்கள். 1961-இல் வந்த மகப்பேறு சலுகைச் சட்டத்தின் விடுப்பு 2017-இல் 26 வாரமாக உயர்ந்தது. வயலில் குனிந்து நிற்கும் பெண்ணுக்கு அதில் ஒரு நாளும் கிடைக்கவில்லை.

ஆகவே நாம் கோருவது இதுதான்: சோதனை நாளுக்குக் கூலியோடு விடுப்பு கொடு! வேலைத்தளம்தோறும் கழிப்பிடமும் குடிநீரும் கொடு! கர்ப்பிணிக்கு அரிசியோடு பருப்பும் முட்டையும் கொடு!

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886-இல் பிறந்த மண் இது. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஏறிய மண் இது. கேலி பேசியவர்களைக் கடந்து சைக்கிள் மிதித்த பெண்கள், இந்த 2 மணி நேரத்தையும் கேட்டு வாங்குவார்கள். ஆண் தொழிலாளர்களே, சங்கக் கூட்டத்தில் இந்தக் கோரிக்கையை நீங்களும் எழுப்புங்கள்!