பழைய லேண்ட்ரோவரா? முதலில் தட்டிப் பாருங்கள்!

ஒரு காலத்தில் தோட்டத்து மண்சாலையில் துரைமாரைச் சுமந்த பழைய லேண்ட்ரோவர் பிக்கப்பை மலிவாக வாங்கி, வீட்டிலேயே புதுப்பிக்க எண்ணுகிறீர்களா? நல்லது. சாய டின்னைப் பிறகு திறக்கலாம்.

1948-இல் அறிமுகமான இவ்வண்டியின் மேலுடல் பெரும்பாலும் அலுமினியம்; துரு ஏறாது. சேஸியோ இரும்பு. பெட்டி போல உள்ளே வெறுமையாக இருக்கும். சேறும் மழைத்தண்ணீரும் அதற்குள் தங்கி, உள்ளிருந்தே அரித்துவிடும். மேலே பளபளப்பு, கீழே பொத்தல்! சிறு சுத்தியலால் நெடுகத் தட்டுங்கள். ‘டங்’ என்றால் தேறும். ‘தொப்’ என்றால் அவ்விடத்தை வெட்டியெடுத்துப் புது இரும்பு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும்.

அதற்குமுன், முன் இருக்கையின் கீழுள்ள பெட்ரோல் டேங்கைக் கழற்றித் தூரத்தில் வையுங்கள். காலிதானே என்று இருந்துவிடாதீர்கள். உள்ளே தங்கிய ஆவிக்கு ஒரு தீப்பொறி போதும், வெடித்துவிடும். பிள்ளைகளையும் அப்பக்கம் விடாதீர்கள்.