முப்பது கட்டுரைகளும் ஒரு குறுக்குவழியும்

மாணவர்கள் தட்டச்சிட்ட முப்பது கட்டுரைகளை ஒவ்வொன்றாகச் சொடுக்கித் திறந்தே என் மாலைப்பொழுதுகள் கழிந்தன. டான் ஹோ 2003-இல் வெளியிட்ட இலவச மென்பொருள் நோட்பேட்++. அதன் குறுக்குவழியைக் கணினி முகப்பில் வைத்து, உரைக்கோப்புகளைத் தெரிவுசெய்து அதன்மேல் இழுத்துவிட்டால், அனைத்தும் ஒரே சாளரத்தில் திறக்கும். விண்டோசின் பழைய நோட்பேடோ ஒரு நேரத்தில் ஒரு கோப்பையே ஏற்கும். அதற்குக் கோப்புகளை ஒவ்வொன்றாக அனுப்பும் சிறு நிரலை ‘பேட்ச்’ கோப்பாக எழுதி வைத்தால் போதும்.

இந்நிரலை ஆசிரியரே எழுதவேண்டும் என்பேன். பிறர் கைக்குக் காத்திருக்கும் ஆசிரியரைக் காணும் பிள்ளை, தமிழும் கணினியும் வெவ்வேறு உலகம் என்றே எண்ணும். மிஞ்சும் நேரமோ அப்பிள்ளையின் பிழைதிருத்தத்திற்கு உரியது. பெற்றோரே, தாங்கள் என்ன கருதுகிறீர்கள்?