நுங்கம்பாக்கம் கண்ட ஆசியா

சென்னை நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. வங்கக் கடலில் புயல் சின்னம் தோன்றினால் டிவி கேமராக்கள் முண்டியடிக்கும் அதே வளாகம்தான். வருகிறவர்கள் மழை உண்டா இல்லையா என்று கேட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். தமிழும் தெலுங்கும் உள்ளிட்ட மொழிகளில் எழுத்துகள் பொறித்த அந்தத் தூண், 1792ல் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய வானாய்வுக் கூடத்தின் மிச்சம். ஒரு காலத்தில் அதன் தலையில் தொலைநோக்கி இருந்தது.

1861 பிப்ரவரியில் அந்தக் கூடத்தின் பொறுப்பை ஏற்க இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கினார் நார்மன் ராபர்ட் போக்ஸன். வயது 31. ஆக்ஸ்போர்டில் இருந்தபோதே மூன்று சிறுகோள்களைக் கண்டுபிடித்துப் பெயர் வாங்கியிருந்தவர். சென்னை வெயிலுக்கு உடம்பு பழகும் முன்பே, ஏப்ரல் 17 அன்று, நான்காவதைக் கண்டுவிட்டார்.

புகைப்படத் தட்டுகள் இந்த வேலைக்கு வந்திராத காலம் அது. கண், தொலைநோக்கி, கையால் வரைந்த நட்சத்திர வரைபடம் - மூன்றே கருவிகள். வானத்தில் ஒரு சிறு பகுதியை எடுத்துக்கொண்டு, அதிலுள்ள ஒவ்வொரு புள்ளியையும் வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும். வரைபடத்தில் இல்லாத புள்ளி கண்ணில் பட்டால் சந்தோஷப்பட அவசரமில்லை. வரைந்தவர் விட்டுவிட்ட நட்சத்திரமாகவும் இருக்கலாம். சில மணி நேரமோ ஒரு நாளோ காத்திருந்து மறுபடி பார்க்க வேண்டும். நகர்ந்திருந்தால் சூரியனைச் சுற்றும் ஒன்று. இடையில் மேகம் வந்தால் போயிற்று.

எவ்வளவு மங்கலான புள்ளி என்பதற்குப் போக்ஸனின் கணக்கையே துணைக்கு அழைக்கலாம். ஒளித்தரத்தில் ஐந்து படி இறங்கினால் வெளிச்சம் நூறில் ஒன்றாகக் குறையும் என்ற அளவுகோலை 1856ல் முன்வைத்தவர் அவர்தான். ஒரு படிக்கு 2.512 மடங்கு. இன்றும் உலகெங்கும் வானியலாளர்கள் பிடித்துக்கொண்டிருப்பது அதைத்தான். வெறும் கண்ணுக்குத் தெரியும் கடைசி நட்சத்திரம் ஆறாம் தரம். அவர் கண்ட சிறுகோள் வழக்கமாகப் பதினொன்றாம் தரத்தை ஒட்டியது. அதாவது, கண்ணுக்கு எட்டும் மிக மங்கலான நட்சத்திரத்திலும் நூறு மடங்கு மங்கல்.

செய்தியை லண்டனுக்குச் சொல்ல நேரடித் தந்திக் கம்பி கிடையாது. கடிதம் கப்பலில்தான் போக வேண்டும். அது போய்ச் சேருவதற்குள் புள்ளி வெகுதூரம் நகர்ந்திருக்கும். பாதையைக் கணக்கிடக் குறைந்தது மூன்று இரவுகளின் அளவீடு வேண்டும் என்பதால், கண்டுபிடித்தவரே விடாமல் துரத்தியாக வேண்டும்.

சிறுகோள்களின் பட்டியலில் அதற்கு எண் 67. பெயர் ஆசியா. கிரேக்கப் புராணத்தில் டைட்டன் குலத்துப் பெண் ஒருத்திக்கு அந்தப் பெயர் உண்டு. ஆனால் போக்ஸனுக்கு இன்னொரு காரணமும் இருந்தது: ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் அது. எண் பெற்ற சிறுகோள்கள் இன்று ஏழு லட்சத்துக்கும் அதிகம். இந்தப் பெருமையில் பங்கு கேட்க அவற்றில் ஒன்றாலும் முடியாது.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவிலுள்ள முக்கிய வளையத்தில், 3 ஆண்டு 9 மாதங்களுக்கு ஒரு முறை சூரியனைச் சுற்றுகிறது ஆசியா. குறுக்களவு 60 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. தன்னைத்தானே சுற்ற ஏறத்தாழ 16 மணி நேரம். மேலே விழும் ஒளியில் சுமார் கால் பங்கைத் திருப்பி அனுப்புகிறது. கரி நிறச் சிறுகோள்கள் இருபதில் ஒரு பங்கைக்கூடச் சிரமப்பட்டே அனுப்பும். ஒளிப்பிரிகை ஆய்வில் ஆசியா 'எஸ்' வகை, அதாவது கல் வகை. சிலிக்கேட் கனிமங்களும் கொஞ்சம் உலோகமும் கொண்டது.

பூமியில் அதிகமாக விழும் சாதாரண விண்கற்களும் இந்தக் கல் சிறுகோள்களும் ஒரே சரக்கா என்ற சண்டை வெகுநாள் நடந்தது. நிறம் ஒத்துப்போகாததுதான் தகராறு. ஜப்பானின் ஹயபுசா விண்கலம் 2005ல் இடோகாவா என்ற கல் வகைச் சிறுகோளைத் தொட்டு, 2010ல் கொண்டுவந்த தூசி அதை முடித்துவைத்தது. சரக்கு ஒன்றுதான், சூரியக் காற்றும் நுண்கற்களும் பட்டுப் பட்டு மேல்தோல் நிறம் மாறியிருக்கிறது.

நுங்கம்பாக்கத்திலிருந்து போக்ஸன் மேலும் நான்கைப் பிடித்தார். 1864ல் ஸாப்போ, 1866ல் சில்வியா, 1868ல் கமில்லா, 1885ல் வேரா. சில்வியாவுக்கு இரண்டு குட்டி நிலாக்கள் இருப்பது 2005ல் உறுதியானபோது, இரட்டை நிலாக்கள் கொண்ட முதல் சிறுகோள் என்று உலகமே பேசியது. அது சென்னையில் கண்டெடுக்கப்பட்டது என்பதைப் பேசியவர்கள் குறைவு.

மறதி இன்னும் சிலரையும் விழுங்கியிருக்கிறது. கூடத்தின் முதல் உதவியாளர் ரகுநாதாச்சாரி 1867ல் ஒரு மாறும் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தவர். 1874ல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது அதைச் சாமானியர்களுக்கு விளக்க இந்திய மொழிகளிலும் கையேடு வெளியிட்டார். பஞ்சாங்கத்தை வானத்தோடு ஒத்துப்பார்த்துத் திருத்த வேண்டும் என்று வாதாடினார். போக்ஸனின் மகள் ஐஸிஸ் இதே கூடத்தில் 1873 முதல் கணக்கீட்டு வேலை பார்த்தார். 1886ல் அவரை ராயல் வானியல் கழகத்துக்கு அப்பா முன்மொழிந்தார். பெண்களுக்கு இடமில்லை என்று விண்ணப்பம் திரும்பியது. ஐஸிஸ் உறுப்பினரானது 1920ல். அப்போது ஐஸிஸுக்கு அறுபதைத் தாண்டியிருந்தது.

போக்ஸன் 1891ல் சென்னையிலேயே இறந்தார். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட நட்சத்திரங்களின் அளவீடுகளை அவருக்குப் பின் வந்த மிச்சி ஸ்மித்தான் அச்சேற்றி முடிக்க வேண்டியிருந்தது. 1899ல் வானியல் வேலை கொடைக்கானலுக்கு மலையேறியது. வேராவுக்குப் பிறகு இந்திய மண்ணிலிருந்து அடுத்த சிறுகோள் கிடைக்க நூறாண்டுக்கு மேல் ஆயிற்று: 1988 பிப்ரவரியில் ஜவ்வாது மலையின் காவலூரில் ராஜமோகன் கண்டுபிடித்த 4130. அதற்கு ராமானுஜன் பெயர்.

போக்ஸன் பெயரிலும் ஒரு சிறுகோள் உண்டு. எண் 1830, அதுவும் கல் வகை. 1968ல், அதுவும் ஓர் ஏப்ரலில், சுவிட்சர்லாந்தின் பெர்ன் அருகே பால் வில்ட் கண்டது. சுமார் இரண்டரை மணி நேரத்தில் ஒரு சுற்றுச் சுழலும் அதற்கும் ஒரு துணைக்கோள் இருப்பது 2007ல் தெரியவந்தது.