கடையை மூடினால் போதுமா? குடியை விட்டவரின் மாலைப் பொழுதுக்கு என்ன வழி?

"இன்னையோட விட்டுட்டேன்." குடிப்பவர் இருக்கும் எந்த வீட்டுக்கும் இந்த வார்த்தை புதிதல்ல. சொல்பவர் பொய் சொல்வதில்லை, காலையில் மனசாரத்தான் சொல்கிறார். சிக்கல் சாயங்காலம் ஆறு மணிக்கு வருகிறது. வேலை முடிந்து கையில் கூலி இருக்கும். கூட்டாளிகள் வழக்கமான இடத்தில் நிற்பார்கள். அந்த இரண்டு மணி நேரத்தை வேறு எப்படிக் கழிப்பது என்று அவருக்குத் தெரியாது.

குடியைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் 'எதை நிறுத்துவது' என்பதோடு முடிந்துவிடுகிறது. அந்த இடத்தில் எதை வைப்பது என்று கேட்கிறது பாசிட்டிவ் சைக்காலஜி, அதாவது நேர்மறை உளவியல்.

1937-லேயே எழுந்த கேள்வி

தர்மபுரிக்கு இது பழைய கேள்வி. சென்னை மாகாண ஆட்சிக்குத் தலைமை வகித்த ராஜாஜி, 1937 அக்டோபர் 1-ல் மதுவிலக்கை முதன்முதலாகக் கொண்டுவந்தது அன்றைய சேலம் மாவட்டத்தில்தான். 1965-ல் தனி மாவட்டமாகும் வரை தர்மபுரியும் சேலத்துக்குள்தான் இருந்தது. அன்றைய நிர்வாகம் கடைகளை மூடியதோடு நிற்காமல், விளையாட்டு, பஜனை போன்ற மாற்றுப் பொழுதுபோக்குகளையும் ஊக்குவித்தது. கடையை மூடிய பிறகு மனுஷன் எங்கே போவான் என்று யோசித்திருக்கிறார்கள்.

பிறகு 1971-ல் மதுவிலக்கு தளர்ந்தது, 1974-ல் திரும்பியது, 1981-ல் மறுபடி தளர்ந்தது. 2003 முதல் சில்லறை விற்பனையே டாஸ்மாக் கையில். சட்டம் இத்தனை முறை மாறியும் அந்தக் கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

'பாசிட்டிவா இரு' என்பதுதானா இது?

இல்லை. 1998-ல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக இருந்த மார்ட்டின் செலிக்மன் முன்னெடுத்த துறை இது. நோயைக் குறைத்தால் மட்டும் போதாது, வாழ்க்கையில் நல்லதையும் வளர்க்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. மகிழ்ச்சி, ஈடுபாடு, உறவு, அர்த்தம், சாதித்த நிறைவு என ஐந்தை அவர் பட்டியலிடுகிறார்.

குடி முற்றும்போது இந்த ஐந்தும் ஒவ்வொன்றாகக் கழன்றுபோகின்றன. கடைசியில் மிஞ்சுவது பாட்டில்தான். அதையும் பிடுங்கிவிட்டு 'சும்மா இரு' என்றால் எத்தனை நாள் இருப்பார்?

அமெரிக்காவில் ஹன்ட், அஸ்ரின் என்ற இரு ஆய்வாளர்கள் 1973-ல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் தருகிறது. குடிநோயாளிகளுக்கு வேலை, குடும்ப உறவு, குடி இல்லாத நட்பு வட்டம் ஆகியவற்றை அமைத்துக் கொடுத்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்கள் குறைவாகவே குடித்தார்கள்.

வீட்டில் எங்கே தொடங்குவது?

முதலில் மாலை ஆறு முதல் எட்டு மணி வரை என்ன செய்வது என்று காலையிலேயே முடிவு செய்ய வேண்டும். பையனோடு வாலிபால், மாட்டுக்குத் தீவனம், தெருக்கூத்து ஒத்திகை என எதுவாகவும் இருக்கலாம். கூட ஒரு ஆள் இருப்பது முக்கியம்.

அடுத்து, படுக்கும் முன் அன்று நடந்த மூன்று நல்ல விஷயங்களையும் அவை ஏன் நடந்தன என்பதையும் எழுதுவது. எழுத வராதவர்கள் வீட்டில் சொன்னாலும் போதும். செலிக்மன் குழுவின் 2005 ஆய்வில், இப்படி ஒரு வாரம் எழுதியவர்களிடம் மனச்சோர்வு குறைந்த பலன் ஆறு மாதம் வரை தெரிந்தது. அது குடிநோயாளிகளிடம் நடந்த ஆய்வல்ல. ஆனாலும் செலவில்லாத பழக்கம்.

மூன்றாவது, சறுக்கல். ஒரு நாள் குடித்துவிட்டால் 'எல்லாம் போச்சு' என்ற எண்ணமே மறுபடி முழுசாகக் குடிக்குள் தள்ளும் என்கிறார் உளவியலாளர் ஆலன் மார்லட். அப்போது "உன்னால முடியாது" என்று சொல்லாமல், "பதினாறு நாள் இருந்தியே, அது எப்படி முடிஞ்சுது?" என்று கேட்கலாம்.

டாக்டர்தான் முதலில்

தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே மருத்துவரைப் பார்த்த பிறகே நிறுத்த வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம். 14416 என்ற மனநல உதவி எண்ணிலும், 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணிலும் பேசலாம்.

அரசு என்ன செய்ய வேண்டும்?

2019-ல் வெளியான மத்திய அரசின் தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது சிகிச்சை கிடைத்திருக்கிறது. எல்லோருக்கும் மனநல மருத்துவர் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கோவாவில் மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் ஆரம்ப சுகாதார நிலையங்களில் அதிகபட்சம் நான்கு முறை பேசினார்கள். மூன்று மாதத்தில் 36 சதவீதம் பேர் ஆபத்தான குடியிலிருந்து மீண்டார்கள். அந்த ஆலோசனை பெறாதவர்களில் இது 26 சதவீதம். 2017-ல் லான்செட் இதழில் வந்த முடிவு இது. பென்னாகரத்திலும் அரூரிலும் இதைச் செய்ய முடியாதா?

டாஸ்மாக் இரவு 10 மணி வரை திறந்திருக்கிறது. ஊர் நூலகமும் விளையாட்டுத் திடலும் எத்தனை மணி வரை? குடியை விட்டு வந்தவருக்கு சாயங்காலம் போக ஓர் இடம் வேண்டும். 1937-ல் யோசித்ததை இன்றைக்கும் யோசிக்கலாம்.