யாரும் லொகின் செய்யாத நேரம்

கரையோர மீன்வாடி ஒன்றில் இருக்கும் பழைய கணினியில் ஒரு தம்பி லினக்ஸ் போட்டிருக்கிறார். அதில் ஒரு மொடெம் டொங்கிளைச் செருகி, வளிமண்டலவியல் திணைக்களத்தின் காற்று, கடல் எச்சரிக்கைகளைப் போட்காரர்களின் கைபேசிகளுக்குத் தமிழில் எஸ்எம்எஸ்ஸாக அனுப்புகிறார். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் இது எவ்வளவு பெரிய உதவி என்று கற்பிட்டியில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. போன கிழமை அவர் என்னிடம் கேட்டார்: "நானா, கரண்ட் போய் வந்தா மெசேஜ் போகுதில்ல. நான் வந்து லொகின் பண்ணினாத்தான் போகுது. ஏன்?"

அவர் பயன்படுத்துவது கம்மு எஸ்எம்எஸ்டி. செக் நாட்டு நிரலாளர் மிஹால் சிஹார் நெடுங்காலம் பராமரித்த கட்டற்ற மென்பொருள் அது. பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும். அனுப்ப வேண்டிய செய்தி கோப்புறையிலோ தரவுத்தளத்திலோ வந்து விழுந்ததும் எடுத்து மொடெம் வழியே அனுப்பிவிடும். அதைத் தொடக்கும் வரியை அவர் தன் வீட்டு அடைவில் உள்ள டொட் புரொபைல் கோப்பில் எழுதியிருந்தார். பெரும்பாலான இளைஞர்கள் முதலில் தேடிப் போகும் இடம் அதுதான். ஷெல்லுக்குள் நுழைந்ததும் ஓடும் கோப்பு, நிர்வாகி அனுமதி கேட்காது, ஒரே வரியில் வேலை முடிந்துவிடும்.

ஆனால் அந்தக் கோப்பு ஓடுவது ஒருவர் லொகின் செய்யும்போதுதான். கணினி எழுந்தால் மட்டும் போதாது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஏற்பட்ட கோளாறில் நாடு முழுவதும் மின்சாரம் போனது. எங்கள் கரையிலேயே நிற்கும் 900 மெகாவாட் நுரைச்சோலை நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் நின்றுபோயின. அதனால் அடுத்தடுத்த நாட்களிலும் மின்வெட்டு. அப்படிப்பட்ட நாளில் கரண்ட் திரும்பியதும் வாடிக் கணினி தானாக எழுந்து, பெயரும் கடவுச்சொல்லும் கேட்டுக் காத்திருக்கும். வாடியில் ஆள் இல்லை என்றால் எச்சரிக்கையும் இல்லை. கடலில் நிற்பவருக்குப் போக வேண்டிய செய்தி கரையில் ஒருவர் கடவுச்சொல்லைத் தட்டும்வரை காத்திருக்கக் கூடாது. இதை நான் அழுத்தமாகவே சொல்கிறேன்.

லொகினோடு தொடக்குவதற்கு மறுபக்கமும் உண்டு. தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் வழியே இரண்டு பேர் அதே கணக்கில் நுழைந்தால் டொட் புரொபைல் இரண்டு முறை ஓடும். ஒரே டொங்கிளுக்கு இரண்டு சேவைகள் போட்டியிடும். பூட்டுக் கோப்பு இருந்தால் இரண்டாவது தோற்று விலகும், இல்லாவிட்டால் ஒன்றுக்கு வர வேண்டிய பதிலை மற்றது வாசித்துவிடும். டொட் பாஷ் புரொபைல் என்று இன்னொரு கோப்பை யாராவது உருவாக்கிவிட்டால், பாஷ் ஷெல் அதை மட்டும் வாசித்து டொட் புரொபைலைத் தொடாமலே போய்விடும். பிழைச் செய்தி ஒன்றும் வராது. வெளியேறும்போது நடப்பதும் நிச்சயமில்லை. 2016இல், லினக்ஸில் சேவைகளைத் தொடக்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் 230ஆம் பதிப்பு, பயனர் வெளியேறியதும் அவர் விட்டுச்சென்ற செயல்களையும் நிறுத்துவதை இயல்புநிலை ஆக்கியது. பெரிய சச்சரவு எழுந்தது. டெபியன் போன்ற லினக்ஸ் வெளியீடுகள் அதை அணைத்து வைத்தன. ஆகவே ஒரே வரி ஒரு கணினியில் உயிரோடு இருக்கும், இன்னொன்றில் செத்துப்போகும்.

ஒரு சேவை கணினிக்குச் சொந்தமா, பயனருக்குச் சொந்தமா என்ற கேள்வியை முதலில் கேட்க வேண்டும். 2002 அளவில் ரெட் ஹெட் நிறுவனத்தைச் சேர்ந்த ஹவொக் பென்னிங்டன் முதலியோர் தொடங்கிய டி-பஸ் இதைத் தெளிவாகப் பிரித்தது. நிரல்கள் தமக்குள் செய்தி பரிமாற உதவும் அந்தச் சேவையில் கணினி முழுமைக்கும் ஒரு பொதுத்தடம் உண்டு. அது கணினியோடு எழும். உள்ளே நுழைந்த ஒவ்வொரு பயனருக்கும் தனித்தடம் உண்டு. அது லொகினோடு பிறக்கும். அந்தத் தனித்தடத்தையே ஒரு காலத்தில் டிபஸ்-லோஞ்ச் என்ற கட்டளையால் லொகின் கோப்பிலிருந்து தொடக்கினார்கள். அதன் முகவரியை வைத்திருக்கும் மாறி ஏற்கெனவே நிரம்பியிருக்கிறதா என்று பார்க்காமல் தொடக்கியவர்களின் கணினிகளில், ஒவ்வொரு நுழைவுக்கும் ஒன்றாக அநாதைச் செயல்கள் குவிந்தன. இன்று சிஸ்டம்டி பயனருக்கு ஒரே தடத்தைத் தானே அமைத்துக் கொடுக்கிறது.

மீனவருக்கான எச்சரிக்கை சந்தேகமின்றி முதல் வகை. அது கணினிக்குச் சொந்தம். டெபியனில் கம்மு எஸ்எம்எஸ்டியோடு சிஸ்டம்டிக்கான சேவைக் கோப்பும் சேர்ந்தே வருகிறது. நிர்வாகியாக ஒரேயொரு முறை அதை எனேபிள் செய்துவிட்டு, டொட் புரொபைலில் உள்ள வரியை அழித்துவிட வேண்டும். நிர்வாகி அனுமதி கிடைக்காத இடத்தில் அதையே பயனர் சேவையாக எழுதலாம். அந்தக் கணக்குக்கு லிங்கர் என்ற வசதியை இயக்கி வைத்தால், யாரும் நுழையாதபோதும் அது ஓடும்.

பிறகு பிளக்கைப் பிடுங்கிச் செருகுங்கள். கீபோர்டைத் தொடாமல், உங்கள் கைபேசிக்கு ஒரு சோதனைச் செய்தி வருகிறதா பாருங்கள். வராவிட்டால் டொங்கிளின் பெயரைச் சரிபாருங்கள்: மறுபடி எழும்போது டிடிவை யூஎஸ்பி 0 சில நேரம் 1 ஆகிவிடும். எண்ணை நம்பாமல், டெவ் அடைவில் சீரியல் என்பதன் கீழ் பை-ஐடி பகுதியில் இருக்கும் நிலையான பெயரைக் கம்முவின் அமைப்புக் கோப்பில் எழுதிவிடுங்கள்.