மாங்குச்சியும் உருளைக்கிழங்கும்

மாங்கிளையை ஒடித்து உருளைக்கிழங்கில் குத்தி மண்ணில் புதைத்தால் முப்பதே நாளில் வேர், அறுபதாம் நாள் காய்! இப்படி ஒரு வீடியோ உங்களுக்கும் வந்திருக்கும். எனக்கு வாரம் ஒன்று வருகிறது. உருளைக்கிழங்கு போய் வாழைப்பழம், கற்றாழை, முட்டை என்று பொருள்தான் மாறுகிறது. அனுப்புகிறவர்கள் எல்லாரும் நன்றாகப் படித்தவர்கள். அதனால்தான் கோபம் வருகிறது.

நான் இப்போது குப்பை கொட்டுவது நல்லேப்பிள்ளியில். இதே சித்தூர் தாலுகாவில்தான் முதலமடை இருக்கிறது, நாட்டிலேயே சீசனில் முந்திக்கொண்டு மாம்பழம் அனுப்பும் ஊர். குச்சி நட்டால் அறுபது நாளில் காய் என்றால் முதலமடைக்காரர்கள் எதற்காகக் காசு கொடுத்து ஒட்டுக்கன்று வாங்கி, வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்கள்? அவர்களுக்கு உருளைக்கிழங்குக்குப் பஞ்சமா?

விஷயம் இவ்வளவுதான். முதிர்ந்த மாமரத்துக் குச்சி லேசில் வேர் விடாது. ஆராய்ச்சி நிலையங்களில் ஹார்மோனும் பனித்தூவல் அறையும் வைத்துச் சில குச்சிகளை வேர்விட வைத்திருக்கிறார்கள், அதுவும் பாடுபட்டு. உங்கள் பால்கனியில் அது துளிர்த்தால் ஏமாறாதீர்கள். குச்சியில் ஏற்கெனவே இருக்கும் மாவுச்சத்தை வைத்து நாலு இலை விடும். அது தீர்ந்ததும் கருகிவிடும். கிழங்கு மண்ணுக்குள் அழுகும், அவ்வளவுதான்.

குச்சி நடுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. மாதுளை, அத்தி, மல்பெரி, திராட்சை எல்லாம் போத்து வைத்தால் வரும். இடுக்கி மலையிலிருந்து கீழே இறங்கினால் கம்பம் பள்ளத்தாக்கு. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பன்னீர் திராட்சைக் கொடிகள் வேர்விட்ட குச்சியிலிருந்து வந்தவைதான். பென்சில் கனத்தில் முற்றிய குச்சி, மூன்று நான்கு கணு, அடியில் ஒரு கணு மண்ணுக்குள், தண்ணீர் தேங்காத தொட்டி, வேர் பிடிக்கும்வரை நிழல். இதற்கு முட்டை வேண்டாம். கொய்யாவுக்குப் பதியம் போடுங்கள். மா, பலா, சப்போட்டாவுக்கு ஒட்டுதான்.

"பொழுதுபோக்குதானே சார், இதில் என்ன நஷ்டம்?" என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் ஊரில் பாட்டி வீட்டை விற்றது. கொல்லையில் பாட்டி வைத்த மாமரம். அந்த ருசி கடையில் கிடைக்காது. பிள்ளைகள் ஆளுக்கு ஊராய் இருப்பவர்கள், வீடியோவை நம்பி ஆளுக்கு நாலு கிளை வெட்டிக்கொண்டு போனார்கள். ஒன்றும் பிழைக்கவில்லை. திரும்பி வெட்டலாம் என்றால் வாங்கியவர் மரத்தைச் சாய்த்துவிட்டார். அந்த ரகம் அந்தக் குடும்பத்துக்கு இனி இல்லை. பத்து லட்ச ரூபாய் கொடுத்தாலும் இல்லை. இது நஷ்டமா, பொழுதுபோக்கா?

வீட்டை விற்கும் யோசனையில் இருப்பவர்கள் கிரயத்துக்கு முன்பே ஒட்டுக்கட்டத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். மூன்று நான்கு மாத வயதுக் குச்சியைத் தேர்ந்தெடுத்து, வெட்டுவதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு காம்பை விட்டு இலையை மட்டும் கிள்ளவேண்டும். வெட்டியதும் ஈரத்துணியில் சுற்றி, வாடுவதற்குள் மாநாற்றின் மேல் ஒட்ட வேண்டும். பிழைக்காமல் போவதும் உண்டு, அதனால் ஒன்றுக்குப் பத்தாகக் கட்டுங்கள். கேரளத்துச் சந்திரக்காரன், ஒளோர் மாதிரி ரகம் என்றால் கொட்டையே போதும்: ஒரே கொட்டையில் பல நாற்று வரும், பெரும்பாலும் தாயின் அச்சாகவே இருக்கும். காய்க்கத்தான் நாளாகும்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்டியில் துணிக்கு நடுவே குச்சியை ஒளித்துக்கொண்டு போகாதீர்கள். அனுமதியும் தாவர நலச் சான்றும் இல்லாமல் போனால் விமான நிலையத்திலேயே பிடுங்கிவிடுவார்கள். அதோடு பூச்சியும் நோயும் இப்படித்தான் கடல் தாண்டுகின்றன. அங்கே இருக்கும் நர்சரியில் ஒட்டுக்கன்று வாங்கிப் பெரிய தொட்டியில் வையுங்கள், கவாத்து பண்ணிக்கொண்டே இருங்கள்.

அடுத்த முறை அந்த வீடியோ வந்தால் பதிலுக்கு ஒன்றே ஒன்று கேளுங்கள்: "ஆறு மாதம் கழித்து அந்தச் செடியைத் தோண்டி வேரைக் காட்ட முடியுமா?" குழுவில் அன்றைக்கு அமைதி நிலவும் :-)